காற்று எச்சரிக்கை வந்த இரவுகள்: கலிபோர்னியாவில் வசிப்போர் பகிர்ந்துகொள்ளலாம்

வணக்கம். நாளை இரவு முதல் மறுநாள் மாலை வரை வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும் என்றும், மலை முகடுகளில் அதன் வேகம் மணிக்கு 55 மைலைத் தொடக்கூடும் என்றும் எங்கள் சாண்டா ரோசா பகுதிக்கு 'ரெட் ஃபிளாக்' எச்சரிக்கை, அதாவது காட்டுத்தீ வேகமாகப் பரவ ஏற்ற வானிலை என்ற அறிவிப்பு, வந்திருக்கிறது. "இரவிலும் ஈரப்பதம் பெரிதாக ஏறாது" என்று அதன் நடுவே இருந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏனென்றால் 2017ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதியும் இப்படியொரு எச்சரிக்கை இருந்தது. அன்று நாங்கள் பார்த்தது வெப்பநிலையை மட்டுந்தான். நல்ல வெயில், தெளிந்த வானம், ஞாயிற்றுக்கிழமை. துணி காயப்போட ஏற்ற நாள் என்றே நினைத்தோம்.

அன்றிரவு ஒன்பதரை மணிக்கு மேல் காலிஸ்டோகா அருகே பற்றிய தீ, மலையைத் தாண்டி, ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் எங்கள் ஊருக்குள் வந்துவிட்டது. புகை வாடையை நள்ளிரவிலேயே உணர்ந்தோம். எங்கோ தொலைவில் எரிகிறது என்று சன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தோம். ஆறு தடங்கள் கொண்ட 101ஆம் நெடுஞ்சாலையைத் தீ தாண்டாது என்பதில் எவருக்கும் ஐயமே இருக்கவில்லை. ஆனால் காற்று தூக்கிவந்த கங்குகள் அதைத் தாண்டிக் காஃபி பார்க் குடியிருப்பில் விழுந்தன.

பக்கத்து வீட்டுக்காரர் கதவை இடித்து எழுப்பியபோது மின்சாரம் போயிருந்தது. கராஜ் கதவின் பொத்தானை நான் எத்தனை முறை அழுத்தினேன் என்று தெரியவில்லை. மேலே விசைப்பெட்டியிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு கையால் தூக்க வந்துவிடும் என்பதை அந்த வீட்டில் ஆறு ஆண்டுகள் குடியிருந்தும் நான் அறிந்திருக்கவில்லை. இருட்டில் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கயிறு எதற்குங்க இருக்கு?" என்று மனைவிதான் கேட்டாள். அதன்பின் அடுத்த சில நிமிடங்களில் வெளியேறிவிட்டோம். அந்தத் தீயில் 22 பேர் மாண்டார்கள். கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிக்கியவர்களைப் பற்றிப் பிறகு தெரியவந்ததால்தான், புதிதாகப் பொருத்தும் கதவு விசைகளுக்குப் பேட்டரி இருந்தே ஆகவேண்டும் என்ற சட்டம் 2019 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய விசை வைத்திருப்பவர்கள் இன்றே அந்தக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

*

ஓக்லண்டு குன்றுப் பகுதியிலிருந்து எழுதுகிறேன், ஐயா. நீங்கள் சுட்டிய அந்த ஈரப்பத வரிதான் முழு எச்சரிக்கையின் உயிர். கோடையில் பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவில் கடல் காற்றும் மூடுபனியும் வந்து சருகுகளை நனைத்துவிடும். இலையுதிர்காலத்தில் உள்நாட்டுப் பாலைநிலத்தில் உயர் காற்றழுத்தம் அமரும்போது காற்று திசைமாறி, மலையிலிருந்து கடலை நோக்கி இறங்குகிறது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 செல்சியசு பாகை சூடேறி, அந்த அளவுக்கு இன்னும் உலர்ந்துபோகிறது. ஐந்தாறு மாதங்களாக மழை காணாத புல்லுக்கு இரவின் ஈரமும் கிடைக்காமல் போவதுதான் ஆபத்து.

இங்கே மூத்தவர்கள் 1991ஐ இன்றும் மறக்கவில்லை. அக்டோபர் 19, சனிக்கிழமை பற்றிய ஒரு சிறு புல்தீயை அணைத்தார்கள். மறுநாள் காற்று எழுந்ததும் உள்ளே கனன்றது மீண்டும் பற்றி 25 உயிர்களைக் கொண்டுபோனது.

என் சொந்த அனுபவம் 2019 அக்டோபர். மின்கம்பிகளிலிருந்து தீ கிளம்பக்கூடாது என்று மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்தினார்கள். நிறுத்தியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கைப்பேசிக் கோபுரமும் சேர்ந்து செத்துப்போகும் என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அத்தைக்கு ஆக்சிசன் தரும் கருவி மின்சாரத்தில் ஓடுவது. உருளையில் இருந்தது எட்டு மணி நேரத்துக்குத்தான். வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தாலும் எங்களுக்குக் கேட்காது என்பது விளங்கியவுடன், அவர்களை அழைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம். இப்போது பேட்டரியில் ஓடும் வானிலை வானொலி ஒன்று அத்தையின் கட்டிலருகே எப்போதும் இருக்கிறது. முதியவர்கள் உள்ள வீட்டில் வெளியேற்ற ஆணைக்காகக் காத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

*

தெற்குக் கலிபோர்னியாவில் எங்களுக்கு இதே காற்றுக்குச் சான்டா ஆனா என்று பெயர். 2018 நவம்பரில் இங்கே பரவிய ஊல்சி என்ற காட்டுத்தீயின்போது எங்கள் தெருவுக்குத் தீ வரவில்லை, கங்கு மட்டுமே வந்தது. கூரை விளிம்பில் மழைநீர் வடியும் தகரக் கால்வாயில் ஒரு சாண் நீளத்துக்குச் சருகு கறுத்து எரிந்து, தானாகவே அணைந்திருந்ததை மூன்று நாள் கழித்து ஏணி வைத்து ஏறியபோது பார்த்தேன். அதற்கு அரை அடி தள்ளிப் பரணுக்குக் காற்றுப் போகும் துளை; அதன் கம்பிவலை கிழிந்திருந்தது. கை நடுங்கிவிட்டது. அன்றே கண் நெருங்கிய உலோக வலை வாங்கி அடித்தேன்.

*

கேள்வியை எழுப்பியவன் மீண்டும் எழுதுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை ஏணி வைத்துக் கூரைக் கால்வாயை வழித்துவிட்டேன். இரண்டு பை சருகு. பிறகு மகனை அழைத்துச் சிவப்புக் கயிற்றை இழுக்கச் சொன்னேன். இழுத்தான், கதவு விடுபட்டது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையால் அதைத் தூக்க முடியவில்லை. ஆகவே வண்டியை வெளியே எடுத்து, தெருவைப் பார்த்த முகமாக நிறுத்தியிருக்கிறேன்.