புதுப்பிப்பு: தக்கலை வீட்டுக் கதவு நிலையில் ஏறிய கரையான்

அடுக்களை வாசல் நிலையில் கரையான் மண்கோடு (அது மண்ணால் கட்டும் வழி) ஏறுகிறது, என்ன செய்யலாம் என்று ஆனி மழையில் கேட்டிருந்தேன். மண்ணெண்ணெய், உப்புத் தண்ணீர், வேப்பெண்ணெய் என்று பலரும் சொன்னீர்கள், நன்றி.

மண்கோட்டை ஓரிடத்தில் மட்டும் உடைத்துப் பார்த்தோம். உள்ளே வெள்ளை வெளேரென்று கரையான்கள். மறுநாள் உடைந்த இடம் ஈர மண்ணால் அடைபட்டிருந்தது. புற்று நிலத்தடியில் இருக்கும்போது மரத்தில் எதைத் தடவினாலும் பக்கத்திலேயே வேறு வழி போட்டுவிடும். அதனால் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, 30.5 சதவீத இமிடாக்ளோபிரிட் என்ற கரையான் மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. கலந்து செலுத்தி, சிமெண்டால் அடைத்தார்கள். கிணற்றுப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டேன். குடிக்கிற தண்ணீராச்சே!

மருந்தைவிட முக்கியம் ஈரம். ஆனியிலும் ஐப்பசியிலும் மழை பெய்யும் குமரி மாவட்டம் நம்முடையது, சுவரடி காய நேரமே இல்லை. ரப்பர் விறகையும் கதம்பலையும் (தேங்காய் மட்டை) சுவரை விட்டுத் தள்ளி, கல் மேல் அடுக்கியாயிற்று. ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் சுவரடியில் விழாமல் பாத்தி (தகரக் கால்வாய்) வைத்தோம்.

அப்புறம் நிலை. அரித்த மாமரத்தை எடுத்துவிட்டு அயனி மரம் போட்டோம். வெள்ளையை (மரத்தின் வெளிப்பகுதி) செதுக்கித் தள்ளிவிட்டு வைரத்தை (உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதி) மட்டும் எடுத்தார் ஆசாரி. தேக்கானாலும் வெள்ளைப் பகுதியைக் கரையான் விடாது.

இதுவரை புது மண்கோடு இல்லை. ஐப்பசி மழை கழிந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.