வறண்ட சரிவில் பழத்தோட்டம்: வரப்பு முதலிலா, கன்று முதலிலா?

வணக்கம் நண்பர்களே. போர்ச்சுகலின் தெற்கே, மெர்ட்டோலா பக்கம் 2 ஏக்கர் சரிவு நிலம் வாங்கியிருக்கிறோம். இங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், மாதக்கணக்கில் ஒரு தூறல்கூட இருக்காது. ஒரு சாண் தோண்டினாலே மண்வெட்டி, ஏடு ஏடாகப் பெயரும் கல்லில் மோதுகிறது.

பெர்மாகல்சர் (இயற்கையின் போக்கைப் பின்பற்றித் தோட்டம் அமைப்பது) முறையில் அத்தி, மாதுளை, பாதாம், கரோப் (வறட்சி தாங்கும், இனிப்புக் காய் தரும் மரம்) வைக்க ஆசை. முதல் மழையில் மண் நனைந்ததும் நவம்பரில் நட்டால், கோடைக்குள் வேர் இறங்கிவிடும் என்பது என் கணக்கு. ஆனால் சம உயர வரப்பை (மழைநீரைத் தடுக்க, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் வரப்பு) வெட்டி, ஒரு மழைக்காலம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு நடுவது நல்லதா? அதற்கு ஒரு வருடம் போய்விடுமே!

அப்புறம், முதல் இரண்டு கோடையில் கன்றுக்கு வாரம் எத்தனை லிட்டர் விட்டீர்கள்? மண் காயாமல் இருக்க மூடாக்காகப் போட்ட வைக்கோல் மக்காமல் காய்ந்தே கிடக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.