பழ ஈயின் ஆயுள்: மரபணுவா, புழுப்பருவச் சூழலா?

கேள்வி:
பழ ஈக்களில் ஒரே ஒரு மரபணு மாறினாலும் ஆயுள் நீளும் என்று படித்தேன். புழுவாக இருந்தபோது கிடைத்த உணவும் இடநெருக்கடியும்கூட ஆயுளை மாற்றும் என்கிறார்கள். 25 பாகை செல்சியஸில் முட்டை ஈயாவதற்குச் சுமார் 10 நாட்களே ஆகின்றன. அதன் பிறகு ஈ இரண்டு மாதங்களுக்கு மேலும் வாழக்கூடும். மரபணு, புழுப்பருவச் சூழல் ஆகிய இவ்விரண்டில் எதன் பங்கு பெரியது?

பதில் 1:
மரபணுவின் பங்கு ஐயத்திற்கு இடமற்றது. 1998இல் மெத்தூசலா என்ற மரபணுவிலும், 2001இல் இன்சுலின் சமிக்ஞைப் பாதையை (உடல் வளர்ச்சியை நெறிப்படுத்தும் செய்தித் தொடரை) சேர்ந்த சீக்கோ மரபணுவிலும் ஏற்பட்ட பிறழ்வுகள் ஆயுளை நீட்டுவது காட்டப்பட்டது. சீக்கோவின் இரு பிரதிகளும் பழுதான ஈக்கள் குள்ளமானவை. ஆனால் ஒரு பிரதி மட்டும் பழுதாகி, இயல்பான உருவத்துடன் வளர்ந்த பெண் ஈக்களும் நீண்ட நாள் வாழ்ந்தன என்பதால், உடல் சிறுத்ததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

பதில் 2:
பங்கு பிரித்துக் கேட்பதே இங்கே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. வயதான ஈக்களின் முட்டைகளை மட்டும் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் நீண்ட ஆயுள் கொண்ட வழித்தோன்றல்கள் உருவாகும் என்பதை 1984இல் மைக்கேல் ரோஸும் லியோ லக்கின்பில்லும் தனித்தனியே காட்டினார்கள். மறு ஆண்டு லக்கின்பில்லும் கிளேரும் வெளியிட்ட ஆய்வில், புழுக்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாமல் நெருக்கமாக வளரவிட்ட வரிசைகளில் (தலைமுறை தலைமுறையாகத் தனியே வளர்த்த ஈக் கூட்டங்களில்) ஆயுள் கூடியது. குடுவைக்குச் சில புழுக்களே இருக்குமாறு வளர்த்த வரிசைகளில் அதே தேர்வு ஏறக்குறைய எந்தப் பலனும் தரவில்லை. மரபணு வேறுபாடு ஆயுளில் வெளிப்படுமா என்பதையே புழுப்பருவச் சூழல் தீர்மானித்திருக்கிறது. இதைக் குறிப்பிடாமல் ‘ஆயுள் மரபணு’ என்று எழுதும் கட்டுரைகள் வாசகரைத் தவறாக வழிநடத்துகின்றன.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நெருக்கடியில் நலிந்த புழுக்கள் இறந்துவிட, வலியவை மட்டும் எஞ்சுவதால் இப்படித் தோன்றலாம் அல்லவா?

பதில் 2:
அதற்கும் இடமுண்டு, எனவேதான் புழுப்பருவத்தில் இறந்தவற்றையும் கணக்கிட வேண்டும். ஆனால் அது மட்டுமல்ல. நெருக்கடியில் வளரும் புழுக்களின் உடலில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், அதாவது அழுத்தத்தின்போது செல்களைக் காக்கும் புரதங்கள், கூடுகின்றன. மிதமான அழுத்தம் தாங்குதிறனைத் தூண்டுகிறது.

பதில் 3:
உணவைப் பற்றி ஒன்று. 2017இல் லண்டன் ஆய்வாளர்கள், ஈஸ்ட் குறைந்த உணவில் வளர்ந்த புழுக்கள் ஈயான பின் நீண்ட நாள் வாழ்வதைக் கண்டு காரணம் தேடினார்கள். வளமான உணவில் வளர்ந்த ஈக்கள் தம் மேற்தோலிலிருந்து நச்சுத்தன்மையுள்ள கொழுப்புப் பொருட்களை அதிகமாகச் சுற்றுப்புறத்தில் விடுகின்றன. அவை உடன் வாழும் ஈக்களின் ஆயுளையும் குறைக்கின்றன. ஆகவே ஆயுளை அளப்பவர்கள் ஒரு குடுவையில் எத்தனை ஈக்களை, எந்தப் பாலினத்தவற்றுடன் சேர்த்து வைத்தார்கள் என்பதையும் பார்த்தே முடிவுகளை ஒப்பிட வேண்டும்.