ஸ்விப்ட் ஸ்போர்ட்டை எதனுடன் ஒப்பிட வேண்டும்? மட்டக்களப்பு வீதிகளை வைத்து ஒரு கேள்வி

கல்லடியான்:

அனைவருக்கும் வணக்கம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாந் திகதி மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து, வீட்டிலிருக்கும் பழைய விட்ஸைக் கொடுத்துவிட்டு, ஓட்டும்போது மனத்துக்கு உற்சாகம் தருகின்ற ஒரு சிறிய காரை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வலுத்துள்ளது. முதல் விருப்பம் சுசூகி ஸ்விப்ட் ஸ்போர்ட். 2017 செப்டெம்பரில் ஜப்பானில் வெளிவந்த இந்தத் தலைமுறையை, 'பைனல் எடிஷன்' என்ற பதிப்புடன் சுசூகி நிறைவு செய்துவிட்டது என்பதால், அதிகம் ஓடாத ஒன்றை எடுப்பதென்றால் இதுதான் தருணம் என்று நினைக்கின்றேன். அதற்குப் போட்டியாக நிசான் நோட் ஓரா நிஸ்மோவையும் ஹொண்டா பிட் ஆர்.எஸ். காரையும் குறித்து வைத்துள்ளேன்.

எனது ஓட்டம் இப்படியானது. வேலை நாட்களில் கல்லடியிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி வழியாகக் கல்முனைக்குப் போய் வருவேன். இடையிடையே செங்கலடியில் திரும்பி, மகா ஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குச் செல்வதுண்டு. அப்போது அம்மாவும் அப்பாவும் பின்னிருக்கையில் இருப்பார்கள். காணொளிகளில் எல்லோரும் நூறு கிலோமீற்றர் வேகத்தை எத்தனை செக்கனில் தொடுகிறது என்பதையே பேசுகிறார்கள். ஊர்களுக்குள் 50, வெளியே 70 என்று எல்லை வகுக்கப்பட்ட நமது வீதிகளில், ஒரு ஸ்போர்ட் காரை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது நியாயம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகின்றேன்.

கல்முனை ஓட்டுநர்:

தம்பி, சரியான இடத்தில் இருந்துதான் கேள்வியைத் தொடங்கியிருக்கிறீர்கள். நூறைத் தொடும் நேரத்தை மறந்துவிடுங்கள். நமக்கு வேண்டியது, 40இல் ஊர்ந்துகொண்டிருக்கும் உழவு இயந்திரத்தையோ லொறியையோ பாதுகாப்பாகக் கடந்து 70க்குள் மீண்டும் நமது பக்கத்துக்கு வந்து சேர எவ்வளவு தூரம் தேவைப்படுகிறது என்பதுதான். அதைத் தீர்மானிப்பவை உச்சக் குதிரைவலு அல்ல. காரின் எடையும், எஞ்சின் நடுத்தரச் சுழற்சியில் தரும் முறுக்குவிசையும், அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலமும்.

இந்த இரண்டிலும் ஸ்விப்ட் ஸ்போர்ட் அபூர்வமான வண்டி. அதன் 1,371 சி.சி. டேர்போ எஞ்சின் (காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் வகை) 140 குதிரைவலுவும், நிமிடத்துக்கு 2,500 முதல் 3,500 வரையான சுழற்சியில் 230 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் தருகின்றது. கைக் கியர் உள்ள வண்டியின் எடை வெறும் 970 கிலோ. அதாவது ஒரு குதிரைவலு ஏழு கிலோவுக்கும் குறைவாகவே சுமக்கிறது. ஓரா நிஸ்மோ 136 குதிரைவலு என்றாலும் எடை 1,270 கிலோ. அங்கே ஒரு குதிரைவலு ஒன்பது கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். காகிதத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகத் தெரிவதும், வளைவில் திருப்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வேறுவேறாக நடந்துகொள்வதும் இதனால்தான். எடை குறைந்தால் வேகம் எடுப்பது மட்டுமல்ல, நிற்பதும் திரும்புவதும் சேர்ந்தே இலகுவாகின்றன. குதிரைவலுவைக் கூட்டுவதால் அந்த இரண்டும் கிடைப்பதில்லை.

ஆனாலும் ஓராவை அத்துடன் ஒதுக்கிவிடாதீர்கள். அதில் சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார் மட்டுமே, 1,198 சி.சி. எஞ்சின் மின்சாரம் தயாரிப்பதற்கு மாத்திரம் இயங்குகின்றது. 300 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை நின்ற இடத்திலிருந்தே கிடைப்பதால், காத்தான்குடிக்குள்ளும் சாய்ந்தமருதுக்குள்ளும் நின்று நின்று நகரும்போது அதைப்போன்ற இதமான கார் வேறில்லை. பிட் ஆர்.எஸ்.ஸைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை: அதன் பெற்றோல் எஞ்சின் 118 குதிரைவலு, 142 நியூட்டன் மீற்றர், டேர்போ இல்லை, சி.வி.டி. எனப்படும் படிகளற்ற தன்னியக்கக் கியர் மட்டும். இடவசதிக்கு முதலிடம் கொடுக்கலாம், உற்சாகத்துக்கு அல்ல. என் தெரிவு தயக்கமின்றி ஸ்விப்ட் ஸ்போர்ட்தான்.

படுவான்கரை வாசி:

கல்முனை அண்ணனின் கணக்கு சரியானது. ஆனால் அது வீதி நல்லபடியாக இருக்கும்போது மட்டுமே சரி. நான் மண்முனைப் பாலத்துக்கு மேற்கே இருப்பவன். எனக்கு முதற்கேள்வி, கார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே. ஸ்விப்ட் ஸ்போர்ட்டின் தரை இடைவெளி 120 மில்லிமீற்றர். நான்கு பேரும் பொதியும் ஏறிய பின் அது இன்னும் குறையும். மாரி காலத்தில் வாவியும் குளங்களும் நிரம்பி உள்வீதிகளில் தண்ணீர் ஏறும் நாட்களில், ஒரு சாண் உயரம்கூட இல்லாத கார் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பிரதான வீதியோடு வாழ்கின்றவருக்கு இது சிறிய குறை. எங்களுக்கு அது வாங்குவதா வேண்டாமா என்பதையே முடிவுசெய்யும் விடயம்.

டயரையும் பாருங்கள். அதில் வருவது 195/45 அளவில் 17 அங்குலச் சக்கரம்; அதாவது டயரின் அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 45 சதவீதம். பக்கச்சுவரின் உயரம் 88 மில்லிமீற்றர் அளவுதான். ஓராவில் 205/50 என்பதால் 100 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும். மழையில் நிரம்பிய குழி ஒன்றில் விழும்போது, டயர் வாங்க முடியாத அடியை ரிம் வாங்கும், அதற்குப் பின் ஷொக் அப்சோர்பர் வாங்கும், கடைசியில் பின்னிருக்கையில் இருக்கும் உங்கள் அப்பாவின் முதுகு வாங்கும்.

ஆகவே உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கின்றேன்: டொயோட்டா ரைஸ், 996 சி.சி. டேர்போ. 98 குதிரைவலு, 140 நியூட்டன் மீற்றர், தரை இடைவெளி 185 மில்லிமீற்றர், எடையும் ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. ஸ்போர்ட் என்ற பெயர் அதற்கு இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த மாவட்டத்தில் ஆண்டின் எல்லா மாதங்களிலும் ஓட்டக்கூடிய உற்சாகம் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கல்லடியான்:

இருவருக்கும் நன்றி. படுவான்கரை வாசி சொன்ன தரை இடைவெளியை நான் இந்த அளவுக்கு எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இருப்பினும் என் ஓட்டம் பெரும்பாலும் பிரதான வீதியில் என்பதால், ரைஸைப் போன்ற உயரமான வண்டிக்கு மாறுவதற்கு மனம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு விடயங்களை மட்டும் தெளிவுபடுத்த முடியுமா? ஒன்று, ஸ்விப்ட் ஸ்போர்ட்டுக்குச் சிறிய ரிம்மும் உயரமான டயரும் போட்டு அந்தக் கடுமையைக் குறைக்க இயலுமா? மற்றையது, மகியங்கனைக்கு அப்பால் உள்ள பதினெட்டு வளைவில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓரா எவ்வாறு நடந்துகொள்ளும்?

காரைதீவு கராஜ்:

இந்த இரண்டுக்கும் நான் விடை சொல்லலாம். இரண்டு வகை வண்டிகளும் எங்களிடம் வருகின்றன.

முதலில் ரிம். சாதாரண ஸ்விப்டின் 16 அங்குல ரிம்மைக் கழற்றி ஸ்போர்ட்டில் மாட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், மாட்ட முடியாது. சாதாரண ஸ்விப்டில் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் நான்கு துளைகள், ஸ்போர்ட்டில் 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில் ஐந்து துளைகள். ஆகவே ஐந்து துளையுள்ளதும், முன் பிரேக் கலிப்பரில் முட்டாததுமான 16 அங்குல ரிம்மைத் தேட வேண்டும். அதில் 185/55 டயரைப் போட்டால் பக்கச்சுவர் 102 மில்லிமீற்றர் வரை உயரும். சக்கரத்தின் முழு விட்டமோ ஏறக்குறைய மாறாது என்பதால் வேகமானியும் பிழை காட்டாது. குழியின் அடி நன்றாகக் குறையும். வளைவில் இருந்த கூர்மை சற்று மழுங்கும். தரை இடைவெளி இதனால் குறிப்பிடத்தக்க அளவு கூடாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். சிலர் அதற்காக ஸ்பிரிங்குக்குக் கீழே இறப்பர் கட்டைகளை வைத்து உயர்த்துகிறார்கள். இப்படியான ஒரு காரில் அதை நான் செய்து கொடுப்பதில்லை. எடையும் சஸ்பென்ஷனும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டிருப்பதே அந்த வண்டியின் சிறப்பு. அதைக் கலைத்த பின் அந்தப் பணத்தைக் கொடுத்ததற்குப் பொருளில்லை.

அடுத்து ஓரா. அதன் பற்றரி சிறியது, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட் மணித்தியாலம். மின்சாரம் தயாரிக்கும் எஞ்சினின் வலு 82 குதிரைவலு. ஆகவே 136 என்ற இலக்கம் பற்றரியும் எஞ்சினும் சேர்ந்து கொடுக்கும்போது கிடைப்பது. நீண்ட ஏற்றத்தில் இடைவிடாமல் அழுத்திக்கொண்டே போனால் பற்றரி இறங்கி, எஞ்சின் தயாரிக்கும் மின்சாரம் மட்டுமே மிஞ்சும். பதினெட்டு வளைவில் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதால் அந்த நிலை இலகுவில் வராது. வந்தாலும் ஏறாமல் நின்றுவிடாது, எஞ்சின் சத்தம்தான் கூடும். இறங்கும்போது ஓராவுக்கே புள்ளி கொடுப்பேன். அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டார் தானே வேகத்தைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பற்றரியில் சேர்க்கின்றது. பற்றரி நிரம்பிவிட்டால் எஞ்சினைச் சுழற்றி அந்தச் சக்தியைச் செலவழிக்கின்றது. பிரேக் சூடேறுவது மிகக் குறைவு. ஸ்விப்டில் இரண்டாம் மூன்றாம் கியரில் வைத்து இறங்கும் பழக்கம் ஓட்டுபவருக்கு இருக்க வேண்டும். அதன் தன்னியக்கக் கியர் சி.வி.டி. அல்ல, ஆறு படிகள் கொண்ட வழமையான கியர் என்பதால் கியரைப் பிடித்து வைத்திருப்பது கடினமும் இல்லை.

பராமரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்விப்ட் ஸ்போர்ட்டுக்கு 95 ஒக்டேன் பெற்றோல் ஊற்றுங்கள். 92 ஊற்றினால் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும்; நீங்கள் விலை கொடுத்து வாங்கிய வலுவில் ஒரு பகுதி காணாமற்போகும். ஓராவுக்குச் சாதாரண பெற்றோல் போதும். டேர்போவுக்கு எஞ்சின் ஒயிலே உயிர். அதைத் தவணை தவறாமல் மாற்றுங்கள். நேரடியாக எரியறைக்குள் பெற்றோலைத் தெளிக்கும் எஞ்சின் என்பதால், காற்று உட்செல்லும் வால்வுகளில் கரி படியும் வாய்ப்பும் உண்டு. கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட வீடு என்றால், எந்தக் காரானாலும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள். உப்புக் காற்று முதலில் அரிப்பது மேற்பூச்சை அல்ல; எக்சோஸ்ட் குழாயின் இணைப்புகளையும் பிரேக் குழாய்களையும்தான்.

கல்முனை ஓட்டுநர்:

காரைதீவு நண்பர் இறக்கத்தைப் பற்றி எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். மகா ஓயாப் பகுதியில் மாலைக்குப் பின் யானை வீதிக்கு வருவதையும் சேர்த்து எண்ணுங்கள். அங்கே நிறுத்தும் தூரம் எல்லாவற்றையும் விட முக்கியம். டயரின் தரத்துக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். என் மைத்துனர் ஜி.ஆர். யாரிஸை எடுக்கச் சொல்கிறார். 2020இல் வந்தபோதே 272 குதிரைவலு, நான்கு சக்கர இழுவை, போற்றத்தக்க வண்டி. ஆனால் பக்கத்துக்கு ஒரு கதவு மட்டுமே உள்ள அந்தக் காரின் பின்னிருக்கைக்குள் பெற்றோரை ஏற்றி இறக்குவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை.

அக்கரைப்பற்று:

வாங்கும் முறையைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நமது நாட்டில் உற்பத்தி வரி எஞ்சினின் ஒவ்வொரு சி.சி.க்கும் கணக்கிடப்படுகின்றது; 1,000 சி.சி.க்கு உட்பட்டவற்றுக்கு வீதம் மிகக் குறைவு, அதற்கு மேல் படிப்படியாக உயர்கின்றது. மேலே 18 சதவீத வற் வரி. ஆகவே ஜப்பானில் ஒத்த விலையில் விற்கும் 996 சி.சி. ரைஸும் 1,371 சி.சி. ஸ்விப்ட் ஸ்போர்ட்டும் இங்கே ஒத்த விலைக்கு வருவதில்லை. ஹைபிரிட் வகைக்கு வரி அட்டவணையே வேறு; ஓராவை எந்த வகைக்குள் எடுத்து விலை சொல்கிறார்கள் என்பதை இறக்குமதியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரிக்குப் பின்னான இறுதி விலையை வைத்தே ஒப்பிட வேண்டும். ஜப்பான் விலையை வைத்து ஒப்பிடுவது நம்மை ஏமாற்றிவிடும்.

பாவித்த ஸ்விப்ட் ஸ்போர்ட் என்றால், ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்துக் கொடுக்கும் ஏலத் தாளை நீங்களே பார்க்க வேண்டும், விற்பவர் வாசித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. இது இளைஞர்கள் விரும்பி மாற்றம் செய்யும் வண்டி. எக்சோஸ்ட், காற்று வடிகட்டி, ஸ்பிரிங் ஆகியவை தொழிற்சாலையில் பூட்டியவைதானா என்று பாருங்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் வலுவைக் கூட்டியிருந்து, விற்பதற்கு முன் பழைய நிலைக்குத் திருப்பியிருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் எதுவும் மாற்றப்படாத வண்டிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்கிறேன்.

கல்லடியான்:

காரைதீவு நண்பரின் விளக்கத்துக்குப் பின் ஓராவும் ஸ்விப்ட் ஸ்போர்ட்டும் மட்டுமே பட்டியலில் நிற்கின்றன. இரண்டையும் ஒரே நாளில், அம்மாவையும் அப்பாவையும் பின்னால் இருத்தி, செங்கலடியிலிருந்து கரடியனாறு வரை ஓட்டிப் பார்க்க விற்பனையாளர்களிடம் கேட்டிருக்கிறேன். கைக் கியர் உள்ள ஸ்விப்ட் ஸ்போர்ட் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாரிடமாவது இருந்தால், கிளட்ச் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதை அறியத் தாருங்கள் நானா; கல்முனைச் சந்தை நாட்களில் இடது கால் ஓய்வதே இல்லை.

கல்முனை ஓட்டுநர்:

என்னிடம் இருப்பது தன்னியக்கக் கியர். மருதமுனையில் என் நண்பரிடம் கைக் கியர் வண்டி உண்டு. வெள்ளிக்கிழமை தவிர்ந்த ஒரு நாளில் மாலை வாருங்கள், அவருடைய வண்டியில் நீங்களே இருந்து மிதித்துப் பார்க்கலாம்.