வேட்டைப் பைனாகுலர்: கீழே விழுந்த பிறகு உத்தரவாதம் எதற்கு உதவும்?

மலைத்தடம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முறையான அனுமதியோடு மான், காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்பவன் நான். பருவம் தொடங்கிவிட்டால் விடியலுக்கு முன்பிருந்து அந்தி மங்கும் வரை பைனாகுலர் மார்பிலேயே கிடக்கும். மழை, புழுதி, பனி எதற்கும் விலக்கில்லை. இப்போது என்னிடம் இருப்பது 10×42 அளவில் (10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ.), ரூஃப் பிரிசம் கொண்ட, அதாவது குழாய்கள் நேராக அமைந்த, நடுத்தர விலைப் பைனாகுலர். சென்ற பருவத்தில் பாறைச் சரிவில் இறங்கும்போது கழுத்துப் பட்டையின் கொக்கி கழன்று, இடுப்பு உயரத்திலிருந்து அது கீழே விழுந்தது. வெளியே பார்த்தால் ரப்பர் உறையில் ஒரு சிறு கீறல் மட்டுமே. ஆனால் அன்று முதல் சிறிது நேரம் தொடர்ந்து பார்த்தாலே நெற்றிப்பொட்டில் வலி எடுக்கிறது. குளிர்ந்த காலைகளில் வலப்பக்கக் குழாயின் உள்ளே மெல்லிய ஆவிப்படலமும் படிகிறது.

பெட்டியின் மேல் ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று அச்சிட்டிருந்ததை நம்பி நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அனுப்பினேன். வெளித்தாக்கத்தால் ஏற்பட்ட சேதம் உத்தரவாதத்தில் அடங்காது என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டணம் செலுத்துகிறேன், பழுதையாவது பாருங்கள் என்று கேட்டதற்கு, அந்த மாடலுக்கு இனி உதிரிப்பாகம் கிடையாது என்று பதில் வந்தது.

இதை வெளியே கொடுத்துப் பழுது பார்ப்பது பயன் தருமா? புதிதாக வாங்குவதானால், அது எத்தனை அடி தாங்கும் என்பதைக் கடையிலேயே எப்படி மதிப்பிடுவது? எந்தக் கேள்வியும் கேட்காமல் மாற்றித் தருவதாகச் சொல்லும் நிறுவனத்தின் நடுத்தரக் கருவி நல்லதா, குறிப்பிட்ட ஆண்டுகள் மட்டும் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் உயர்தரக் கருவி நல்லதா? கருவியைப் பல பருவங்கள் உழைக்கவிட்டவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒளியச்சு

நண்பருக்கு வணக்கம். ஒளியியல் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் பழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உத்தரவாதத்தின் நுணுக்கங்களை மற்றவர்கள் சொல்லட்டும்.

நீங்கள் குறிப்பிடும் இரண்டு அறிகுறிகளும் ஒரே வீழ்ச்சியில் வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். இரு குழாய்களின் ஒளியச்சுகள், அதாவது அவை நோக்கும் நேர்கோடுகள், இணையாக இல்லாதபோது தலைவலி வருகிறது. அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது நம் கண்கள் உட்புறமாகத் திரும்பிப் பழகியவை என்பதால், அந்தத் திசையில் வரும் சிறு பிசகைக் கண்கள் தாமாகவே சமாளித்துக்கொள்கின்றன. ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் பார்த்தோ, இரண்டும் வெளிப்புறமாக விரிந்தோ நாம் பழகியதே இல்லை. ஆகவே அந்தத் திசைகளில் மிகச் சிறிய விலகல் ஏற்பட்டாலும் கண் தசைகள் இழுத்துப் பிடித்து இரு படங்களையும் ஒன்றாக்க முயல்கின்றன, வலியும் அதனால்தான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பைனாகுலரை முக்காலியிலோ மதில் மேலோ அசையாமல் வைத்து, தொலைவில் உள்ள கூரை முகட்டையோ மின்கம்பியையோ பாருங்கள். பிறகு தலையை மெல்லப் பின்னுக்கு இழுத்து, ஒரு சாண் தள்ளியிருந்து இரண்டு ஒளிவட்டங்களையும் ஒப்பிடுங்கள். ஒரு வட்டத்தில் அந்தக் கோடு நடுவில் ஓட, மற்றதில் சற்று மேலேறியோ கீழிறங்கியோ ஓடினால் அச்சு விலகியிருக்கிறது என்று பொருள். புதிய கருவியை வாங்கும்போதும் கடை வாசலில் நின்று இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பெட்டியைப் பிரித்த அன்றே அச்சு பிசகியிருந்த கருவிகளும் என் மேசைக்கு வருவதுண்டு.

அச்சைத் திருத்த முடியும். சில மாடல்களில் முன் லென்ஸைத் தாங்கும் வளையத்தைச் சுழற்றியும், சிலவற்றில் பிரிசத்தைச் சாய்க்கும் நுண்திருகுகளைத் திருப்பியும் சரிசெய்கிறோம். ஆனால் இந்த வேலையில் இரண்டு தரம் உண்டு. உங்கள் கண் இடைவெளிக்கு மட்டும் இரு படங்களையும் பொருத்திக் கொடுப்பது எளிய வழி. வேறு ஒருவர் கீலை மடக்கித் தம் கண்ணுக்கு ஏற்றபடி வைத்தால் பிசகு மீண்டும் தலைகாட்டும். நடுக்கீலின் அச்சுக்கே இரு குழாய்களையும் இணையாக்கி, கீலை எந்த அகலத்தில் வைத்தாலும் படம் பிரியாதபடி செய்வதே முறையான திருத்தம். அதற்குக் காலிமேட்டர் என்னும் சோதனைக் கருவி வேண்டும். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், காலிமேட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அடுத்தது ஆவிப்படலம். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் எந்தக் கருவியானாலும் வெளிக்கண்ணாடியில் ஆவி படியும், அது பழுதல்ல. துடைத்தும் போகாமல் உள்ளே படிந்தால் ஓ-ரிங் என்னும் ரப்பர் அடைப்பு வளையம் எங்கோ விலகி, உள்ளே அடைத்திருந்த உலர்ந்த வாயு வெளியேறி, ஈரக்காற்று புகுந்துவிட்டது என்று அறியலாம். நைட்ரஜனா ஆர்கானா என்று விளம்பரங்கள் பெரிதாகப் பேசுகின்றன. நடைமுறையில் வாயு உலர்ந்ததாக இருப்பதும் அடைப்பு இறுக்கமாக இருப்பதுமே முக்கியம் என்பது என் கருத்து. பழுது பார்க்கத் திறந்த கருவியில் ஓ-ரிங்குகளை மாற்றி, வாயுவை மீண்டும் செலுத்தி மூட வேண்டும். அந்த வசதி இல்லாதவர் அச்சை மட்டும் சரிசெய்து கொடுத்தால் அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையின் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கத் தொடங்கிய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய இயலாது. எனவே சரிசெய்ய நினைத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

உறுதியைப் பற்றிக் கேட்டீர்கள். ஐபிஎக்ஸ்7 என்ற குறியீடு, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தும் பாதிக்கப்படாது என்பதை மட்டுமே சொல்கிறது. அது விழுந்தால் தாங்குமா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதிவேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்றும் அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது, அதற்கு வேறு குறியீடுகள் உள்ளன. மெக்னீசியக் கலப்புலோக உடல் கீலுக்கு அருகில் வளையாமல் நிற்கும் என்பது உண்மையானாலும், உள்ளே பிரிசத்தை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கருவியின் ஆயுள் அமைகிறது. அது கடையில் கண்ணுக்குத் தெரியாது. தெரிபவை வேறு சில: கீலை மடக்கிப் பார்த்தால் சீரான இறுக்கம் இருக்க வேண்டும், ஃபோகஸ் சக்கரத்தைத் திசை மாற்றித் திருப்பும்போது வெற்றுச் சுழற்சி இருக்கக் கூடாது, கண்ணருகு வளையத்தை மேலே இழுத்து விரலால் அழுத்தினால் இறங்கிவிடக் கூடாது. பட்டை கோக்கும் காதுகளை உற்றுப் பாருங்கள். அவை மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் மற்ற சிறப்புகளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

காட்டுவழி

மலைத்தடம் அவர்களுக்கு வணக்கம். ‘வாழ்நாள்’ என்றால் யாருடைய வாழ்நாள் என்பதை அந்த நிறுவனம் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் வாங்கியவரின் வாழ்நாள் என்பார்கள் சிலர். பொருளின் இயல்பான பயன்பாட்டுக் காலம் என்பார்கள் வேறு சிலர். இரண்டாம் வகையில், உதிரிப்பாகம் தீர்ந்த அன்றே பொருளின் ஆயுள் முடிந்ததாக அவர்களே அறிவித்துக்கொள்ள இடம் இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்த பதிலும் ஏறக்குறைய அந்த வகைதான்.

இதைவிட முக்கியமான வேறுபாடு, உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கு மட்டுமா, விபத்துக்கும் சேர்த்தா என்பதாகும். ‘பொருளிலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறைகள்’ என்ற தொடர் இருந்தால் விழுந்ததும் உடைந்ததும் அடங்காது. எத்தனை ஆண்டு என்று எழுதியிருந்தாலும் அதில் மாற்றமில்லை. மறுபக்கம், வோர்டெக்ஸ் நிறுவனத்தின் விஐபி உத்தரவாதம் போன்றவை விபத்தையும் ஏற்கின்றன: ரசீது கேட்பதில்லை, பதிவு கேட்பதில்லை, கருவி கைமாறினாலும் செல்லும். அதிலும் தொலைந்தது, திருட்டுப் போனது, வேண்டுமென்றே சேதப்படுத்தியது, பார்வையைப் பாதிக்காத வெளிக்கீறல் ஆகியவை அடங்குவதில்லை. வேட்டைக்காரர் ஒருவருக்கு இந்த இரண்டு வகைகளுக்கு இடையே உள்ள தூரம், 10 ஆண்டுக்கும் வாழ்நாளுக்கும் இடையே உள்ள தூரத்தைவிடப் பெரியது.

விற்றவரின் பொறுப்பு வேறு, தயாரிப்பாளர் தாமாக முன்வந்து தரும் உத்தரவாதம் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பொருளைப் பெறும்போதே இருந்த குறைகளுக்கு விற்பனையாளர் குறைந்தது 2 ஆண்டுகள் சட்டப்படி பொறுப்பு. தயாரிப்பாளர் அட்டையில் என்ன எழுதினாலும் அது குறையாது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் சட்டம், எழுத்துவடிவ உத்தரவாதம் ‘முழுமையானது’ அல்லது ‘வரம்புக்குட்பட்டது’ என்று குறிக்கப்பட வேண்டும் என்கிறது. அங்கே விற்கும் பெட்டிகளில் எழுத்தளவில் சிறிதாக ‘வரம்புக்குட்பட்ட’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அதிகாரபூர்வ இறக்குமதியாளர் வழியாக வராத கருவி மலிவாகக் கிடைக்கலாம். பெரும்பாலும் அதன் சீரியல் எண்ணை உள்நாட்டுச் சேவை மையம் ஏற்காது. எல்லை தாண்டி அனுப்பும்போது பழுதுக்காகச் சென்று திரும்பும் பொருள் என்று சுங்கப் படிவத்தில் தெளிவாகக் குறிப்பிடாவிட்டால், திரும்பி வரும்போது புதுப்பொருளுக்கு உரிய வரியைக் கேட்கும் தொல்லையும் உண்டு. மிச்சம் பிடித்த பணம் இப்படித்தான் கரையும்.

பூச்சிவிரட்டி விஷயத்திலும் கவனம் தேவை. டீட் என்னும் வேதிப்பொருள் கலந்த விரட்டியைக் கையில் தடவிய சூட்டோடு பைனாகுலரைப் பிடித்தால், சிலவகை ரப்பர் உறையும் பிளாஸ்டிக்கும் பிசுபிசுத்து இளகத் தொடங்கும். தயாரிப்புக் குறையை மட்டும் ஏற்கும் நிறுவனம் இதை வேதிப்பொருள் சேதம் என்று தள்ளிவிடும். புறங்கையால் தடவிக்கொள்வது என் வழக்கம்.

இரட்டைக்குழல்

முன் எழுதிய இருவரின் கருத்தையும் மதிக்கிறேன். ஆயினும் நிபந்தனையற்ற உத்தரவாதத்தை இத்தனை உயர்த்திப் பேச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மாற்றித் தரும் கருவிகளின் செலவும் விற்பனை விலைக்குள்தான் இருக்கிறது. பொறுப்பாகப் பயன்படுத்துபவர் மற்றவர்களின் கவனக்குறைவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். பருவத்தின் நடுவில் கருவி பழுதானால் எந்த உத்தரவாதமும் மறுநாள் காலைக்குள் அதைத் திருப்பித் தராது. காத்திருக்கும் வாரங்களில் கையில் என்ன இருக்கும் என்பதைக் கணக்கில் வைத்து, பெரிய தொகை முழுவதையும் ஒரே கருவியில் போடாமல், குழாய்கள் படிபோல் விலகி அமைந்த எளிய 8×30 போரோ பிரிசம் பைனாகுலர் ஒன்றையும் பையில் வைத்திருப்பதே எனக்குச் சரியாகப்படுகிறது.

உயர்தரக் கருவிகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. சுவாரோவ்ஸ்கி ஆப்டிக்கின் இஎல் வரிசை போன்றவற்றில் கண்ணருகு வளையத்தைக் கையாலேயே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அடிக்கடி தேயும் பாகம் அதுதான். அதற்காகக் கருவி முழுவதையும் பெட்டியில் கட்டி அனுப்ப வேண்டியதில்லை. உதிரிப்பாகத்தை நீண்ட காலம் இருப்பில் வைத்திருக்கும் நிறுவனமா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. விற்பனையிலிருந்து நின்றுபோன அவர்களுடைய பழைய மாடல் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதற்குக் கண்ணருகு வளையம் கிடைக்குமா என்று சேவை மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். என்ன பதில் வருகிறது, எத்தனை நாளில் வருகிறது என்ற இரண்டுமே உங்களுக்கு வேண்டிய தகவல்.

மலைத்தடம்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கூரை முகட்டுச் சோதனையைச் செய்து பார்த்தேன். வலப்பக்க வட்டத்தில் கோடு தெளிவாகக் கீழே இறங்கியிருக்கிறது. காலிமேட்டரும் வாயு நிரப்பும் வசதியும் உள்ள பழுதகம் ஒன்றை விசாரித்து, மதிப்பீடு கேட்டிருக்கிறேன். இன்னும் ஒரு ஐயம். புதிதாக வாங்குவதானால் தூரம் அளக்கும் லேசர் உள்ளமைந்த பைனாகுலரை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அதன் மின்னணுப் பகுதி மழையிலும் குளிரிலும் எப்படி உழைக்கும்?

ஒளியச்சு

வாங்கலாம். ஆனால் உத்தரவாத அட்டையில் ஒளியியல் பகுதிக்கும் மின்னணுப் பகுதிக்கும் தனித்தனிக் காலம் குறிப்பிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல நிறுவனங்கள் மின்னணுவுக்குக் குறைந்த காலமே தருகின்றன. பழுது வரும்போது இரண்டும் ஒரே உடலுக்குள் இருப்பதால், லேசர் கெட்டாலும் நல்ல பைனாகுலரும் சேர்ந்தே வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே தூரமானியைத் தனியாக வைத்துக்கொள்ளும்படி என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தால் நீர் அந்த வழியாகத்தான் நுழையும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் அதைத் துடைத்துவிட்டு மூட வேண்டும். கடுங்குளிரில் லித்தியம் பேட்டரியின் திறனும் குறையும், ஆகவே மாற்றுப் பேட்டரியை உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்திருங்கள்.

எதை அனுப்பினாலும் பேட்டரியையும் பட்டையையும் மூடிகளையும் கழற்றி வைத்துக்கொண்டு, சீரியல் எண் தெரியும்படி ஒரு படமும் முன் லென்ஸ்கள் இரண்டும் தெரியும்படி ஒரு படமும் எடுத்த பிறகு அனுப்புங்கள். பருவம் முடிந்த வாரமே அனுப்புவது நல்லது. தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில் எல்லாருடைய கருவிகளும் பழுது மேசையில் வரிசைகட்டி நிற்கும்.