கூழ் குத்தும் பேய்க்கு சைலபோன் எதற்கு?

களியக்காவிளை வில்:
"சிரிப்பூட்டும் பேய்க் கவிதையை ஆர்கெஸ்ட்ராவோடு பாடுவது மேல்நாட்டுச் சரக்கு, எலும்புச் சத்தத்துக்கு மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலபோன் இல்லாமல் முடியாது" என்று நெய்யாற்றுத் தந்தி அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிகிறது. அண்ணன் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைத் திறந்து பார்த்ததுண்டா? பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. செத்தவர்களின் பல்தான் அரிசி. முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை. குத்தும்போது வள்ளைப்பாட்டும், அதாவது உலக்கைப் பாட்டும், பாடுகின்றன. தாளக்கருவி எது என்று செயங்கொண்டாரே எழுதி வைத்துவிட்டார். முரசை அடியுங்கள், போதும்.

நெய்யாற்றுத் தந்தி:
முரசில் எலும்பு மோதும் சத்தம் எப்படி வரும் தம்பி? பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1874இல் ‘டான்ஸ் மக்காப்ர்’ என்ற சாவு நடன இசையை எழுதியபோது எலும்புக்கூடு ஆட சைலபோனைத்தான் வைத்தார். தனி வயலினில் மேல் தந்தியை அரை சுரம் இறக்கிக் கட்டச் சொன்னவர் அவர். காது உள்ள மனிதர்.

களியக்காவிளை வில்:
அதே மனிதர் 1886இல் ‘விலங்குகளின் திருவிழா’வில் அதே மெட்டை அதே சைலபோனில் வாசிக்க வைத்துக் கேலி செய்தார். அவரே சிரித்துவிட்டுப் போனதை நீங்கள் இன்னும் சுமக்கிறீர்கள். இங்கே தோலில் தந்தம் விழுகிறது. முரசு!

குற்றாலச் சாரல்:
குரலை யாருமே பேசவில்லையே. ஊமைப் பேய் கையைக் காட்டித்தான் கூழ் கேட்கிறது. அந்த இடத்தில் பாடுகிறவர் வாயை மூடிக்கொள்ள, புல்லாங்குழல் மட்டும் கேட்டால் எப்படி இருக்கும்!

களியக்காவிளை வில்:
அருமை. அங்கேயும் சைலபோன் கூடாது.

நெய்யாற்றுத் தந்தி:
போன கோயில் கொடைவிழாவில் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டி வில்லுப்பாட்டு பாடியவருக்கு சைலபோன் மட்டும் உறுத்துகிறதா?

களியக்காவிளை வில்:
மண்குடம் வழியில் உடைந்தது. அதற்காகப் பாதியில் எழுந்து போகவில்லை, விடிய விடியப் பாடினேன். என் உடுக்கையை வாங்கிப்போய் ஒரு வருடமாகத் தராதவர் இதைச் சொல்லலாமா?

பாறசாலை:
வில்லுப்பாட்டு எங்கள் கேரளப் பக்கமும் உண்டு, வில்லடிச்சான்பாட்டு என்போம். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைக் கோடு மாறியதும் வில் மொத்தமும் உங்களோடு வந்துவிட்டது போலப் பேசாதீர்கள்.

களியக்காவிளை வில்:
யார் அப்படிச் சொன்னது? வில்லில் பாடும் இசக்கியம்மனுக்குக் கோடு ஏது? நான் முரசைப் பற்றிப் பேசுகிறேன். ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலர் 1899இல் ‘ரெவெல்கே’ என்ற பாடலை எழுதினார். செத்த சிப்பாய்கள் எழுந்து நடக்கும் கவிதை அது, குரலும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்தது. அவர்களை நடத்திக் கூட்டிப்போவது முரசுதான்.

நெய்யாற்றுத் தந்தி:
அதைக் கேட்டு யார் சிரித்தார்கள்? பயத்துக்கு முரசு, சிரிப்புக்கு சைலபோன். பத்துத் தடவை சொல்லிவிட்டேன்.

களியக்காவிளை வில்:
பல்லை அரிசியாக்கிக் குத்தும்போது வராத சிரிப்பா சைலபோனில் வந்துவிடும்? பரணியின் ஏழு தாழிசைப் பாட்டுக்கு மெட்டுப் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. இரண்டு முரசு வருகிறது. சைலபோன் வாசலைத் தாண்டாது.

நெய்யாற்றுத் தந்தி:
என் வயலின் இல்லாமல் ஒத்திகை நடக்காது. நான் வந்தால் சைலபோனும் வரும். உடுக்கை தோல் மாற்றக் கொடுத்திருக்கிறேன், விழுங்கிவிடவில்லை.

களியக்காவிளை வில்:
தோல் மாற்ற ஒரு வருடமா அண்ணன்?