ஓய்வுநாள் பள்ளி வகுப்பெடுக்க அழைப்பு: தகுதியில்லை என்று மறுக்கலாமா?

கேள்வி: ஓய்வுநாள் பள்ளியில் (சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் வேத வகுப்பு) 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க போதகர் ஐயா கேட்கிறார். வேதம் முழுதாகத் தெரியாது, கூச்சமும் உண்டு. மறுத்தால் கர்த்தருடைய அழைப்பைத் தட்டுவதாகுமா?

பதில் 1: யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவரக் கர்த்தர் அனுப்பும்போது மோசே 5 தடவை தடை சொல்கிறார். "நான் எம்மாத்திரம்" (3:11) தொடங்கி திக்குவாய் (4:10) வரை நாலுக்கும் கர்த்தரிடமிருந்து பொறுமையாகவே பதில் வருகிறது. வேறு யாரையாவது அனுப்பும் என்றபோதுதான் (4:13) கர்த்தருக்குக் கோபம் மூளுகிறது. அப்போதும் மோசேயின் அண்ணன் ஆரோனைத் துணைக்குத் தருகிறார். ஆக, நீங்களும் ஒரு துணையைக் கேட்கலாம்.

பதில் 2: நேராகப் பொறுப்பேற்காதீர்கள். முதல் 4 வாரம் மூத்த ஆசிரியருடன் உதவிக்கு நில்லுங்கள். வகுப்புக்கு ஒரு பகுதி, ஒரு மனன வசனம், மூன்று கேள்விகள் போதும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: பயத்தில் ஐந்தாறு வசனங்களைத் திணிப்பார்கள், பத்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்துவிடும். சனி இரவு தயாரிக்காமல் புதன்கிழமையே பகுதியை வாசித்துவிடுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று குறித்துக்கொள்ளுங்கள், சமாளிக்க வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும்!

பதில் 3: ஆள் பற்றாக்குறையால் வரும் கோரிக்கை எல்லாம் அழைப்பு ஆகிவிடாது. நூதன சீஷன் (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்) கூடாதென்பது (1 தீமோத்தேயு 3:6) கண்காணிப் பொறுப்புக்கு, அதாவது சபையை நடத்தும் பொறுப்புக்குச் சொன்னது, உதவி ஆசிரியருக்கு அல்ல. மூன்று மாதம் என்று காலம் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு போதகரும் மூத்த ஆசிரியரும் நீங்களும் உட்கார்ந்து முடிவெடுக்கலாம்.